முந்திரிகைத் தோட்டங்களின் படலையைத் திறக்க வேண்டும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

ஒவ்வோர் ஆண்டும் ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாடுகளிலிருந்து வரும் உறவுகளால் யாழ்ப்பாணத்து வீடுகள் நிறைகின்றன. 2019 இல் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னரும், 2023 இல் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கிய பின்னரும், இங்கே உறவென்று எவரும் இல்லாதவர்களும் ஊர் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்களை நாங்கள் எங்கே கூட்டிச் செல்கிறோம்? நல்லூர், கோட்டை, நூலகம், கீரிமலைக் கேணி, நயினாதீவு, காரைநகர்க் கசூரினாக் கடற்கரை. இவை எல்லாம் பார்க்க வேண்டிய இடங்களே. ஆனால் எங்கள் தலைமுறைகளைப் படிப்பித்து ஆளாக்கிய தோட்டங்களுக்குள் அவர்களில் ஒருவரையேனும் நாங்கள் அழைத்துப் போவதில்லை. வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி ஒரு கிலோ முந்திரிகைப்பழம் (திராட்சை) வாங்கிக்கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள். அந்தப் பழம் விளைந்த பந்தல் கூப்பிடு தூரத்தில் இருப்பது பலருக்குத் தெரிவதே இல்லை.

இதைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது, சென்ற புரட்டாதியில் சுவிற்சர்லாந்தில் இருக்கும் மகளின் குடும்பத்தோடு நான் பார்த்து வந்த ஒரு முந்திரிகை மலை. லொசான் நகரத்தின் கிழக்கு எல்லையிலிருந்து ஜெனீவா ஏரியின் வடகரை வழியே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு மலைச்சரிவு உண்டு. லாவோ என்பது அதன் பெயர். ஏரியின் நீர்மட்டத்திலிருந்து படிப்படியாக மேலெழும் அந்தச் சரிவில் கல்லணை கட்டி, மண் நிரப்பி, அடுக்கடுக்காகக் கொடி நட்டிருக்கிறார்கள். 11 ஆம் நூற்றாண்டளவில் பெனடிக்ற் சபைத் துறவிகளும் சிஸ்ரேசியன் சபைத் துறவிகளும் தொடங்கி வைத்த வேலை இன்றுவரை ஓயவில்லை. 2007 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது. அப்படி ஏற்கப்பட்டது, மனிதர் இன்றும் இறங்கி வேலை செய்யும் ஏறத்தாழ 900 ஹெக்டேயர் விளைநிலமும் அதற்குள் இருக்கும் சிறு கிராமங்களும் என்பதை நாங்கள் கவனிக்க வேண்டும்.

வெவே என்ற ஏரிக்கரைப் பட்டினத்திலிருந்து ஒரு சின்ன ரயில் கொடிகளுக்கு ஊடாக ஏறி ஷெப்ர் என்ற மலைக்கிராமத்துக்குப் போகிறது. ஏரியிலிருந்து 200 மீற்றர் உயரத்தில் இருக்கும் அந்தக் கிராமத்து வைன் தயாரிக்கும் வீடொன்றுக்குத்தான் என் மருமகன் எங்களைக் கூட்டிப் போனார். கீழே நீல ஏரி, எதிர்க்கரையில் சவோய் மலைகள், காலடியில் மஞ்சளிக்கத் தொடங்கிய கொடிகள். அந்தக் காட்சியைப் பார்த்தவர் எவரும் அதை மறக்கமாட்டார். ஆனால் எனக்கு அதிகம் பயன்பட்டது, அந்த வீட்டுக்காரர்கள் விருந்தினரை நடத்திய முறை.

வந்தவர்களை அவர்கள் நேரே மேசைக்கு அழைத்துப் போய்க் குவளையை நீட்டவில்லை. வீட்டுக்கார அம்மா முதலில் எங்களைக் கொடிகளுக்கு இடையே இறக்கினார். அந்த ஆண்டு மழைக்குச் சரிந்து புதிதாகக் கட்டிய கல்லணை ஒன்றைக் காட்டி, கல்லின் மேல் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வெயில் தாழ்ந்து வெகு நேரமாகியும் கல் சுட்டது. அந்த மலையில் மூன்று சூரியன் காய்வதாக அவர்கள் சொல்வார்களாம்: வானத்தில் இருப்பது ஒன்று, ஏரி நீர் எறிக்கும் வெளிச்சம் ஒன்று, பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவில் கொடிக்குக் கொடுக்கும் கல்லணை ஒன்று. அப்படிப்பட்ட அணைகள் அந்தச் சரிவு முழுவதும் சுமார் 400 கிலோமீற்றர் நீளத்துக்கு இருக்கின்றன. உழவு இயந்திரம் போக முடியாத இடமாகையால், ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் பிடித்து ஏறும் சிறு வண்டியொன்றில் பழப்பெட்டிகளை மேலே இழுக்கிறார்கள். வெட்டுவதும் பெட்டியில் அடுக்குவதும் கைவேலைதான். அந்தச் சரிவில் ஒரு குலைப் பழத்துக்காக எத்தனை பேர் எத்தனை தரம் ஏறி இறங்குகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்ட பிறகு, விலையைக் கேட்டு எவரும் முகம் சுளிக்கவில்லை.

நான் மது அருந்தாதவன். அதை அறிந்ததும், அன்று காலை பிழிந்த, இன்னும் நொதிக்காத சாற்றை எனக்குத் தந்தார்கள். ஷாசலா என்ற வெள்ளைப் பழத்தின் சாறு அது. கலங்கலாக, தேன் போல் இனித்தது. அறுவடைக் காலத்தில் இந்தச் சாற்றையும் போத்தலில் அடைத்து விற்கிறார்கள். பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள் அதைத்தான் வாங்கிக்கொண்டு போயின. தரகர் கை படாமல், ஏற்றுமதிக்காரர் கை படாமல், விளைவித்தவர் வீட்டு வாசலிலேயே முழு விலையும் அவர் கையில் சேர்ந்தது. சுவிற்சர்லாந்தில் உற்பத்தியாகும் வைனில் நூற்றில் ஒன்று, இரண்டு பங்குதான் வெளிநாட்டுக்குப் போகிறது. மிகுதி முழுவதையும் அந்த நாட்டவரும் அங்கே வருகிறவர்களும் வாங்கி முடித்துவிடுகிறார்கள். லாவோ அமைந்திருக்கும் வோ மாநிலத்தில் ஆண்டுக்கொரு முறை, பெந்தகோஸ்தே பண்டிகையை ஒட்டி, வைன் வீட்டுக்காரர் பெருந்தொகையானோர் ஒரே வேளையில் தங்கள் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்து வைக்கிறார்கள்.

இந்த மலை தானாகப் பிழைத்து நிற்கவில்லை. ஏரி தெரியும் தெற்குப் பார்த்த சரிவில் மாளிகை கட்ட விரும்பாதவர் யார்? கடந்த நூற்றாண்டின் பிற்பாதியில் லாவோவுக்கும் அந்த ஆபத்து வந்தது. பிரான்ஸ் வெபர் என்ற சூழலியலாளர் கையெழுத்துத் திரட்டி ஒரு மக்கள் வாக்கெடுப்புக்கு வழி செய்தார். 1977 இல் வோ மாநில மக்கள் லாவோவைக் கட்டடங்களிலிருந்து காப்பது என்று வாக்களித்தார்கள். 2005 இல் அதை மீண்டும் உறுதி செய்தார்கள். 2014 இல் அவர் இன்னும் கடுமையான கட்டுப்பாடுகளைக் கேட்டபோது, கொடி வளர்ப்போரே பலர் அதை எதிர்த்தார்கள். மக்களும் அதை நிராகரித்து, அரசு முன்வைத்த மிதமான மாற்றுத் திட்டத்தை ஏற்றார்கள். நிலத்தைக் காப்பதும் நிலத்தில் உழைப்பவனை மூச்சு முட்டாமல் வைப்பதும் ஒன்றாக நடக்க வேண்டிய காரியங்கள் என்பதை அந்த மக்கள் விளங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் இரண்டு செய்திகளை எங்கள் உள்ளூராட்சி மன்ற உறுப்பினர்கள் அறிய வேண்டும். லொசான் மாநகர சபைக்கே அந்தச் சரிவில், டெசலே என்னும் பகுதியில், சொந்த முந்திரிகைத் தோட்டங்கள் உண்டு. அவற்றில் விளையும் வைனை மாநகர சபை ஆண்டுதோறும் ஏலத்தில் விற்கிறது. வெவே பட்டினத்திலோ, தலைமுறைக்கு ஒரு முறை என்று சொல்லத்தக்க இடைவெளியில் முந்திரிகைத் தொழிலாளருக்கு ஒரு பெருவிழா எடுக்கிறார்கள். 1999 இல் நடந்தது, அதற்குப் பிறகு 2019 இல் நடந்தது. அந்த விழாவில் முடி சூட்டப்படுவது தோட்ட உரிமையாளருக்கு அல்ல, கொடியைச் சிறப்பாகப் பராமரித்த கூலித் தொழிலாளிக்கு.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். எங்களிடம் மலை இல்லை, ஏரியும் இல்லை. ஆனால் முந்திரிகை இருக்கிறது. இலங்கையில் முந்திரிகை என்றாலே யாழ்ப்பாணத்தைத்தான் சொல்வார்கள். உரும்பிராய், கோப்பாய், இணுவில், சுன்னாகம் என்று வலிகாமத்தின் செம்மண் பரப்பெங்கும் பந்தல்கள் நிற்கின்றன. தோட்டக்காரர் இஸ்ரேல் புளூ என்று சொல்லும் கருநீல இனம்தான் பெரும்பாலும். எங்கள் வீட்டுக்கு அண்மையில் அப்படி ஒரு பந்தல் உண்டு. கொங்கிறீற்றுத் தூண்களின் மேல் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டிய கம்பி. அதன் மேல் இலைக்கூரை. உச்சி வெயிலிலும் உள்ளே நிழல். பழம் பழுக்கும் காலத்தில் குலைகள் முகத்தில் முட்டாமல் இருக்கக் குனிந்துதான் நடக்க வேண்டும். பழத்தின் மேல் மெல்லிய வெண்படலம் ஒன்று படிந்திருக்கும். விரல் பட்ட இடத்தில் அது அழிந்து கறுப்புத் தெரியும். அதனால் அந்தத் தோட்டக்கார அம்மா குலையைக் காம்பில் மட்டுமே பிடித்துக் கத்தரிக்கோலால் வெட்டுவார். சந்தையில் விற்கும் பழத்தில் அந்தப் படலத்தை நீங்கள் பார்க்க முடியாது.

வருகிறவர்களுக்குச் சொல்வதற்கு எங்களிடம் எவ்வளவோ இருக்கிறது. குளிர்நாட்டில் கொடி மாரியில் இலை உதிர்த்து உறங்குகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு போகம்தான். இங்கே குளிர்காலம் இல்லாததால் கொடிக்கு உறக்கமும் இல்லை. தோட்டக்காரன் கிளையைக் கத்தரித்து, தண்ணீரைக் கட்டுப்படுத்தி, அதைப் பூக்கச் செய்கிறான். கத்தரித்து மூன்றரை, நான்கு மாதத்தில் பழம் வெட்டலாம். ஆண்டுக்கு இரண்டு போகம் எடுக்கலாம். எந்த மாதத்தில் கத்தரிப்பது என்பதில்தான் அவன் திறமை எல்லாம் இருக்கிறது, ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகை மழை குலையில் பிடித்தால் பங்கசு நோயில் முழுவதும் போய்விடும். வௌவாலுக்கும் கிளிக்கும் அணிலுக்கும் வலை கட்ட வேண்டும். இந்த அறிவு அந்தச் சுவிஸ் மலையில் கேட்டதற்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. தண்ணீரின் கதை இன்னும் பெரியது. எங்கள் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறில்லாத இந்த மண்ணில் பெய்யும் மாரி மழை அந்தக் கல்லின் இடுக்குகளில் இறங்கி, கீழே ஊறி நிற்கும் கடல் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. அந்த நல்ல தண்ணீரைத்தான் எங்கள் முன்னோர் துலா மிதித்து இறைத்தார்கள். நாங்கள் மோட்டாரால் இறைக்கிறோம். இறங்குகிற மழையை விட அதிகம் இறைத்தால் உப்பு மேலே வரும். இதை ஒரு தோட்டக்காரர் தன் கிணற்றுக்கட்டில் நின்று பத்து நிமிடம் சொன்னால், தொறொன்ரோவில் பிறந்த ஒரு பிள்ளைக்கு யாழ்ப்பாணம் என்றால் என்ன என்பது விளங்கிவிடும்.

ஆனால் அந்தக் கிணற்றுக்கட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் முந்திரிகையும் விளைந்த காணிகள் இரண்டு பரப்பு, மூன்று பரப்பாகத் துண்டாடப்பட்டு, மதில் எழுப்பப்பட்டு, விற்பனைக்கு என்ற பலகையோடு நிற்பதை வலிகாமத்தின் எந்தக் குறுக்கு வீதியிலும் காணலாம். வயற்காணியை நிரப்புவதானால் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. செம்மண் தோட்டக் காணிக்கு அந்த அளவு காவல் கிடையாது. வயலை விட அதிக போகம் தருகிற நிலம், அதுவும் குடிதண்ணீரைத் தன் கீழே வைத்திருக்கிற நிலம், காவலின்றிக் கிடக்கிறது. ஏற்கெனவே தோட்டங்களின் அளவுக்கு மீறிய பசளையாலும் நெருங்கிய மலசலகூடக் குழிகளாலும் நைத்திரேற்று ஏறிய கிணறுகள் எங்கள் பகுதியில் உண்டு. வீடுகள் இன்னும் நெருங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

காணியை விற்கிற தோட்டக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வெளிநாட்டில், கூலிக்கு ஆள் இல்லை, பசளை விலையும் மருந்து விலையும் கைக்கு எட்டுவதாக இல்லை, பழம் பழுத்த கிழமையில் சந்தையில் என்ன விலை சொல்கிறார்களோ அதற்குக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் முந்திரிகைப்பழம் காத்திருக்காது. இந்த நிலையில் உள்ள ஒருவரிடம் போய் உன் காணியில் வீடு கட்டக்கூடாது என்று சட்டம் பேசுவது அநியாயம். தோட்டத்திலிருந்து வருமானம் வருகிறது என்பதை முதலில் காட்ட வேண்டும். அதற்கு மிகக் குறைந்த செலவில் இன்றே தொடங்கக்கூடிய வழி, தோட்டத்தின் படலையைப் பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்து விடுவதுதான் என்பதே இந்தக் கடிதத்தில் நான் சொல்ல விரும்புவது.

வைன் வீட்டைப் பார்த்து வந்தவர் யாழ்ப்பாணத்தில் மதுவைப் பரப்பச் சொல்கிறாரா என்று சிலர் கேட்கலாம். கசிப்பாலும் சாராயத்தாலும் குடும்பங்கள் அழிந்ததைக் கண்ட எவருக்கும் அந்தக் கேள்வி வரத்தான் வேண்டும், எனக்கும் வருகிறது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பதையும் மதுவுக்கு விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. அந்தத் தடை இருக்கட்டும். மது தயாரிக்க மதுவரித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அதுவும் இருக்கட்டும். கத்தோலிக்கத் துறவிகளான செபமாலைத் தாசர் சபையினர் தோலகட்டி ஆச்சிரமத்தில் நெடுங்காலமாக வைனும் நெல்லிரசமும் தயாரித்து வருவதை ஊரே அறியும். தோலகட்டி நெல்லிரசம் வாங்காமல் கொழும்புக்குத் திரும்பிய உறவினர் எங்கள் வீட்டில் குறைவு. அந்த ஆச்சிரமத்தின் பெயர் இத்தனை காலம் நிலைத்ததற்கு அதன் நெல்லிரசமும் ஒரு காரணம் என்பதை எண்ணிப் பார்த்தால், மது இல்லாமலே ஒரு பழத்தைக் கொண்டு பெயர் எடுக்க முடியும் என்பது விளங்கும். நான் கேட்பது அன்றன்று பிழிந்த முந்திரிகைச் சாறு, உலர்த்திய வத்தல், ஜாம், தன் கையால் வெட்டி நிறுத்து வாங்கும் பழம் என்பவற்றை மட்டுமே.

இதற்குப் பெரிய கட்டடம் எதுவும் தேவையில்லை. பெரிய கட்டடம் வந்தால் பார்க்க வேண்டிய தோட்டமே இல்லாமல் போய்விடும். வீதியில் ஒரு பெயர்ப்பலகை, வாகனம் நிறுத்தச் சிறிது இடம், சுத்தமான மலசலகூடம் ஒன்று, பந்தலின் கீழ் இரண்டு வாங்கு, சாறு பிழியும் சிறு இயந்திரம், விலை எழுதிய பலகை. மிக முக்கியமானது மருந்தடிப்பு. பார்க்க வருகிறவர்கள் கொடியிலிருந்து பிடுங்கிய உடனே வாயில் போடுவார்கள். சிறு பிள்ளைகள் கழுவும் வரை பொறுக்கமாட்டார்கள். ஆகவே கடைசி மருந்தடிப்புக்கும் பழம் வெட்டுவதற்கும் இடையே விட வேண்டிய நாட்களை விட்டோம் என்பதை எழுத்தில் பதிந்து, விவசாயப் போதனாசிரியரின் கையொப்பத்தோடு பந்தலில் தொங்கவிட வேண்டும். அதைச் செய்யாத தோட்டத்துக்கு எவரையும் அனுப்பக்கூடாது. இந்த ஒன்றில் தளர்வு காட்டினால் முழு முயற்சியும் ஒரே நாளில் கெட்டுவிடும்.

விருந்தினருக்கு வழி காட்டுகிற வேலையை எங்கள் இளைஞர் செய்யலாம். தமிழோடு ஆங்கிலமும் சிங்களமும் பேசக்கூடிய விவசாய மாணவர்கள் இங்கே இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமே இருக்கிறது. ஆனால் தோட்டக்காரரைப் பின்னால் நிறுத்திவிட்டு அவர்கள் முன்னால் நின்று பேசக் கூடாது. அந்த மலையில் எங்களோடு பேசியவர் அந்த வீட்டுக்கார அம்மா. அவர் மண் பட்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேசினார், அதனால்தான் அவர் சொன்னதை நாங்கள் நம்பினோம். எங்கள் தோட்டங்களிலும் பெண்கள்தான் பாதிக்கு மேற்பட்ட வேலையைச் செய்கிறார்கள் என்பது என் கண் கண்டது. அவர்களே பேசட்டும், மாணவர்கள் மொழிபெயர்க்கட்டும்.

வட மாகாண சபை 2018 ஐப்பசியில் காலம் முடிந்த பின்னர் தேர்தல் இன்றிக் கிடக்கிறது. அதைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் எங்கள் பிரதேச சபைகளில் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர்கள் அமர்ந்திருக்கிறார்கள். வலிகாமம் கிழக்கு, தெற்கு பிரதேச சபைகளைக் குறித்தே இதை எழுதுகிறேன். தங்கள் எல்லைக்குள் இன்னும் எஞ்சியிருக்கும் செம்மண் தோட்டக் காணிகள் எவை என்பதை, கட்டட அனுமதி கொடுக்கும் முன்னரே, படத்தில் குறித்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். விரும்பி முன்வருகிற முந்திரிகைத் தோட்டக்காரர்களை விவசாயத் திணைக்களத்தின் உதவியோடு பதிவு செய்ய வேண்டும். அடுத்த நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பழம் தயாராக இருக்க வேண்டுமானால், கொடியைச் சித்திரையில் கத்தரிக்க வேண்டும். எல்லாத் தோட்டங்களிலும் ஒரே நாளில் கத்தரிக்காமல், கிழமைக்குக் கிழமை தள்ளித் தள்ளிக் கத்தரித்தால் திருவிழா முடியும் வரை ஏதாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். ஆகவே தோட்டக்காரர்களை அழைத்துப் பேசும் கூட்டத்தைப் பங்குனி முடியுமுன் கூட்டுமாறு அந்தச் சபைகளின் தவிசாளர்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உரும்பிராய் வாசகர் ஒருவர்